பட்டுச்சேலையோடு மண்டபம் பார்க்கப் போனவர்

பாரிஸ் லா சப்பலில் கலியாண வேலை செய்கிற எவரிடமாவது ஞானமலர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். சமையற்காரர் பெருமூச்சு விடுவார். வீடியோக்காரர் "அவவோ?" என்று கேட்டுவிட்டுக் கதையை மாற்றுவார். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். இன்றைக்கு அந்த மனுசியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன், சண்டைக்கே போவேன்.

என் பெயர் சேந்தன். மணவறை போடுவது என் தொழில். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் ஒரு மரக்கறிக் கடையின் நிலவறையை வாடகைக்கு எடுத்து, என் தூண்களையும் பட்டுத் திரைகளையும் பிளாஸ்டிக் வாழைமரங்களையும் அதற்குள் அடைத்து வைத்திருக்கிறேன். மண்டபம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், கூரை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்ப்பேன். உயரமான கூரை என்றால் என் பெரிய மணவறை நிற்கும், படத்தில் வடிவாக விழும், வேறென்ன வேண்டும்?

ஞானமலர், எங்களுக்கு மலரக்கா, அப்படிப் பார்க்கிறவர் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னர் ஒரு குடும்பத்துக்கு நானே அலைந்து ஒரு மண்டபம் பிடித்துக் கொடுத்தேன். கூரை என்றால் கூரை, கோவில் மாதிரி. மலரக்கா வந்தார், கதிரையில் இருந்தார், எழும்பினார், உள்ளே போய் வந்தார்.

"கக்கூசு நிலத்துக்குக் கீழை. பதினெட்டுப் படி," என்றார்.

அவ்வளவுதான், மண்டபம் கைவிட்டுப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சனம் கலியாணத்துக்கு வாறதோ, கக்கூசுக்கு வாறதோ?" என்று கத்தினேன்.

"நாலு மணித்தியாலம் இருக்கிற சனம் ரெண்டுக்கும்தான் வரும், தம்பி," என்றார் ஆறுதலாக.

மலரக்கா மன்னார்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர். எண்பத்தொன்பதில் புருஷன் யேசுரட்ணத்தோடு வந்து இறங்கியவர். ஒப்பெராவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இருபத்தேழு வருடம் அறை துப்புரவு செய்தார். பாரிஸுக்கு வடக்கே சார்செலில் ஏழாம் மாடியில் இருக்கிறார். மகன் யூலியன் லியோனில். யேசுரட்ணம் அண்ணை பத்தொன்பது வருடத்துக்கு முன்னர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. சார்செலில் உள்ள பாதிப் பெண்களுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தது மலரக்காதான். அதனால் சைவக் கலியாணமோ வேதக் கலியாணமோ, அவருக்கு அழைப்பு வராத சனிக்கிழமை இல்லை. போனால் கடைசி வரிசையில், வாசலோரக் கதிரையில் போய் இருப்பார். "கடைசிக் கதிரைக்குத் தெரிஞ்சால் எல்லாக் கதிரைக்கும் தெரியும்," என்பார்.

இந்த மண்டபம் பார்க்கிற வேலை அவர் தேடிப் போனதில்லை. ஆர்ஜொந்தெய்யில் ஒரு கலியாணத்தில் நானூறு பேர் சாப்பிட்டுவிட்டு இரண்டே இரண்டு குழாய்க்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பெண்ணின் தகப்பன் மரியாதைக்கு, "எப்பிடி எல்லாம்?" என்று கேட்க, மற்றவர்கள் எல்லாம் "திறம், திறம்" என்றார்கள். மலரக்கா மட்டும், "சாப்பாடு திறம். ஆனால் சனம் கறிக் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நிண்டது. பட்டுச்சேலை எத்தினை பழுதாப் போச்செண்டு தெரியுமே?" என்றார். அந்தத் தகப்பன் தன் இரண்டாவது மகளுக்கு மண்டபம் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஊரே கூப்பிடத் தொடங்கியது. ஒரு சதம் வாங்கமாட்டார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

போன வருடம் தை மாதம் மிருணாளினி என் நிலவறைக்கு இறங்கி வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. அவளுடைய தாய் பூரணியை எனக்கு நன்றாகத் தெரியும். மேலே கடையில் கீரையைப் பிடி பிடியாகக் கட்டி வைப்பது அவர்தான். தகப்பன் குலசேகரம் இறந்து ஒன்பது வருடம்.

"சேந்தன் மாமா, யூன் மாசம் எனக்குக் கலியாணம். கிருஷிகனைத் தெரியும்தானே?"

"சந்தோசம் பிள்ளை. எந்த மண்டபம்?"

"அதுதான் பிரச்சினை. எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். தாலி கட்டேக்கை அம்மா பாக்கவேணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். தகப்பன் போனதிலிருந்து பூரணி எந்தக் கலியாணத்திலும் சபையில் இருந்ததில்லை. புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாதாம். யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, தேவையும் இல்லை, அவரே ஒதுங்கிவிடுவார். சொந்தத் தங்கையின் மகளுடைய கலியாணத்தில் குசினிக்குள் நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாராம்.

"என்ரை கலியாணத்திலையும் அப்பிடித்தான் செய்வா, மாமா. எனக்குத் தெரியும். கன்னிகாதானத்துக்கு சித்தப்பாவும் சித்தியும் இருக்கட்டும், பறவாயில்லை. ஆனால் அம்மா குசினிக்குள்ளை நிக்க நான் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டன்," என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அன்றைக்கு எனக்கும் என்னவோ செய்தது.

பாரிஸ் மண்டபங்கள் எல்லாவற்றிலும் பின்னுக்குப் பெரிய குசினி உண்டு. அதனால் அவளும் கிருஷிகனும் ஓறி-லா-வில் பக்கம், காட்டோரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தார்கள். நம்முடைய சனம் இப்படிப்பட்ட வீடுகள் எல்லாவற்றையும் சத்தோ, அதாவது கோட்டை, என்றுதான் சொல்லும். கோபுரம் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, சத்தோதான். போனில் படம் காட்டினாள். கூரையைப் பார்த்தேன். வாயில் தண்ணீர் ஊறியது.

"மலர் அன்ரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ," என்றாள். ஊறிய தண்ணீர் வற்றிவிட்டது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை. சாமான் ஏற்றுகிற என் வானில் போவோம் என்றேன். ரயிலில்தான் போகவேண்டும் என்றார் மலரக்கா. கார் து நோர் நிலையத்தில் ஆர்-ஈ-ஆர் ரயில் மேடையில் அவரைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாரிக் கோட்டுக்கு உள்ளே அரக்குக் காஞ்சிபுரம், தலையில் பூ இல்லாத குறைதான். கையில் ஒரு பையில் குதி உயர்ந்த செருப்பு, இன்னொரு பையில் சாப்பாட்டுப் பெட்டி.

"அக்கா, கலியாணம் உங்களுக்கோ?"

"சேலை உடுக்காமல் என்னெண்டு பாக்கிறது? காற்சட்டையோடை இருந்தால் எல்லாக் கதிரையும் நல்ல கதிரைதான். ஏறு, ரெயின் வருது."

ஓறி-லா-வில் நிலையத்தில் இறங்கினால் எதிரே காடு. பஸ்ஸும் இல்லை, டாக்ஸியும் இல்லை. நான் போனை எடுத்தேன். "வை உள்ளை. காரில்லாத சனம் நடந்துதானே வரும்?" என்று அந்தச் சேலையோடு நடக்கத் தொடங்கினார் மனுசி. பத்து நிமிடம் நடந்திருப்போம். நின்றார். "சரி, விளங்கீட்டுது. ஸ்டேசனுக்கும் வீட்டுக்கும் ஒரு வான் ஓடவேணும். இப்ப எடு போனை."

வீட்டுக்கார மதாம் ஜெர்மேன் தானே ஒரு பழைய ரெனோ காரில் வந்து ஏற்றிப் போனார். எழுபது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர்ச் சப்பாத்து, கையில் மண். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாவையும் என்னையும் பார்த்து ஏதோ மாப்பிள்ளை பெண் என்று நினைத்துவிட்டாரோ தெரியாது, "வாழ்த்துகள்" என்றார். மலரக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் ரெனோவின் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு உண்மையிலேயே வடிவு. மஞ்சள் கல், இரண்டு மாடி, முன்னால் சரளைக்கல் முற்றம், இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். முற்றத்தின் ஓரத்தில் ஒரு காலத்தில் வைக்கோல் அடுக்கி வைத்த கற்கட்டடம். இப்போது விருந்து மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே போய் அண்ணாந்தேன். ஓக்கு மரத்து உத்தரங்கள், இருபத்தைந்து அடிக்குக் குறையாது. என் மணவறையை மனத்துக்குள்ளேயே தூக்கி நிறுத்திவிட்டேன்.

மலரக்கா இன்னும் முற்றத்தில்தான். குதி உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு சரளைக்கல்லில் நடந்து பார்க்கிறார். நாலாவது அடியில் குதி புதைந்தது. முகம் சுருங்கியது. அதைக் கவனித்த ஜெர்மேன் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தட்டைக்கல் பதித்த ஒரு நடைபாதை, வாசல் வரை. மலரக்கா அதில் போய் வந்தார். திரும்பவும் போய் வந்தார். "பொல்லோடை வாறவையும் இதிலை வரலாம்," என்றார்.

பிறகு கதிரை. கடைசி வரிசை வரக்கூடிய இடத்தில் ஒரு கதிரையைப் போடுவித்து, இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்தார். நான் கடைசியில் பொறுமை இழந்து, "அக்கா, நித்திரையோ?" என்று கேட்டேன். "முதுகு கதைக்கிறதுக்கு இருபது நிமிசம் எடுக்கும். பேசாமல் நில்," என்றார்.

பிறகு கழிப்பறை. உள்ளே போனவர் வர நேரமாகியது. நானும் ஜெர்மேனும் வெளியே நின்றோம். இப்படியும் ஒரு பிழைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தபோது மலரக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"மாதாவே! சேந்தன், கதவிலை கொக்கி இருக்கடா, கைப்பை கொழுவ. நிலம் காய்ஞ்சிருக்கு. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு திரும்ப இடமிருக்கு. கடைசியிலை ஒரு மனிசர் யோசிச்சுக் கட்டின கக்கூசு!"

என்ன சொல்கிறார் என்று ஜெர்மேன் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவுக்குக் கைத்தடியோடு உள்ளே திரும்ப முடியவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரை இடித்துப் பெரிதாக்கினேன்," என்றார். மலரக்கா அவர் தோளில் கையை வைத்தார். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு கட்சி, நான் தனி.

மத்தியானம் முற்றத்து மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ரோல்ஸ். ஜெர்மேனுக்கு ஒரு ரோல்ஸைக் கொடுத்துவிட்டு, கையால் குழைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, கறிக் கையோடு எழும்பி, "இப்ப எங்கை கழுவுறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். உள்ளே மூன்று குழாய்தான் என்று நான் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். இதோ போகப்போகிறது என் இருபத்தைந்து அடிக் கூரை.

ஜெர்மேன் மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரின் நீளத்துக்கு ஒரு கல் தொட்டி, முந்திக் குதிரைகள் தண்ணீர் குடித்ததாம். அதற்கு மேலே வரிசையாக ஆறு பித்தளைக் குழாய். மலரக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஆறிலும் தண்ணீர் வந்தது.

"பாத்தியே! குதிரைக்கு இருக்கிற மரியாதை எங்கடை சனத்துக்கு எந்த மண்டபத்திலையும் கிடைக்கேல்லை," என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். ஓமம் வளர்க்க நெருப்பு மூட்டலாமா என்று நான் கேட்டேன். எவ்வளவு பெரிய நெருப்பு என்று கேட்டார் ஜெர்மேன். கையை விரித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். "கல் நிலம், இரண்டு பெரிய கதவு, திறந்து விட்டால் போதும். இலையுதிர் காலத்தில் நான் அங்கேதான் கஷ்கொட்டை வறுக்கிறேன்," என்றார். தோட்டத்தில் இருந்த குளத்தைச் சுற்றிப் பேரப்பிள்ளைகளுக்காகப் போட்ட கம்பி வேலியும் இருந்தது. நான் கலியாண வேலைக்கு வந்து பதினாறு வருடம். வருகிற ஆட்களை இப்படி நினைத்து வைத்திருந்த ஒரு இடத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைக்க, மலரக்கா, "இனித்தான் முக்கியமான வேலை," என்றார். "பூரணி எங்கை போய் ஒளிப்பா?"

மண்டபத்தைச் சுற்றி வந்தார். குசினி தனியாக, பெரிய வீட்டுக்குள். அங்கே சமையற்காரரின் ஆட்கள் நிற்பார்கள், பூரணிக்கு நிற்க இடம் இராது. மண்டபத்தின் கிழக்குக் கோடியில், கடைசி வரிசைக்கும் பின்னால், குதிரைச் சேணம் வைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குக் கதவு இல்லை, வளைவு மட்டும்தான். மலரக்கா உள்ளே போய் நின்று, "இஞ்சைதான். இருட்டு, ஓரம், ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம்," என்றார். பிறகு என்னை மேற்குச் சுவருக்கு விரட்டினார். "மாப்பிளை பொம்பிளை கிழக்கைப் பாத்துத்தானே இருப்பினம்? போய் இரு. குந்தி இரு. தலையை நிமித்து. இடப்பக்கம் தள்ளு. இன்னும் தள்ளு."

"அக்கா, மணவறை நடுவிலை நிக்கவேணும்! படத்திலை கோணலா விழும்!"

"படம் கிடக்கட்டும். உன்ரை மூக்கு எனக்குத் தெரியவேணும். தள்ளு எண்டுறன்."

மூன்று அடி தள்ளினேன். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே, கதிரைகளின் நடுப்பாதைக்கு அப்பால், அந்த வளைவும் அதற்குள் மலரக்காவின் முகமும். என் தொழிலில் இதுவரை நடுவை விட்டு ஒரு மணவறை போட்டதில்லை. போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கிழமை லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மிருணாவுக்குத் தீர்ப்பு. "வீடு திறம் பிள்ளை. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு மேலை ஒரு வீடு இல்லை. கொம்மா இருக்க ஒரு நல்ல கதிரை போடுவம், மெத்தையோடை. அவ ஆருக்கும் தெரியாமல் இருந்து பாப்பா."

"அன்ரி, அவ முன்னுக்கு வரவேணும்."

"வரமாட்டா. வா வா எண்டு இழுத்தால் இன்னும் தூரப் போவா. பாக்கிற இடத்திலை இருந்தால் காணும்." மிருணா அரை மனத்தோடு தலையாட்டினாள்.

யூன் மாதம் அந்தச் சனிக்கிழமை எழும்பிய வெயிலை நான் மறக்கமாட்டேன். நிலையத்துக்கும் வீட்டுக்கும் வான் ஓடியது. கிழவர்கள் தட்டைக்கல்லில் நடந்து வந்தார்கள். கடைசி வரிசைக்காரர்கள்கூட முதுகைச் சாய்த்து நிம்மதியாக இருந்தார்கள். ஓமப்புகை இரண்டு கதவாலும் வெளியேறி மரங்களுக்குள் போனது. ஒரு கிழவி கழிப்பறையால் வந்து, "பிள்ளையள், கொக்கி இருக்கு," என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. மணவறை மட்டும் கோணல். நாலு பேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நானும் அவர்களை ஒரு மாதிரிப் பார்த்தேன்.

சித்தப்பா கரிகாலனும் மனைவியும் கன்னிகாதானம் செய்து கொடுத்தார்கள். அடுத்தது, தாலிக்கு முன் உடுக்கிற கூறை. ஐயர் கூறைச்சேலையைக் கொடுக்க, மிருணா எழும்பி உடுத்து வரப் பெரிய வீட்டுக்குப் புறப்பட்டாள். சேண அறையைத் தாண்டும்போது நின்றாள். உள்ளே மெத்தைக் கதிரை வெறுமையாக இருந்தது.

"மாமா, அம்மா எங்கை?"

நான் எங்கே கண்டேன்? காலையில் அந்தக் கதிரையில் நானே கூட்டிவந்து இருத்தினேன்.

"அம்மா இல்லாமல் நான் திரும்பி வரமாட்டன்," என்றாள் மெதுவாக. கத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பெண்கள் அவளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மலரக்கா கடைசி வரிசையிலிருந்து எழும்பி வந்துவிட்டார். இரண்டு பேரும் தேடினோம். குசினியில் இல்லை. தொட்டியடியில் இல்லை. கூறை உடுத்தப் பதினைந்து நிமிடம், கூடினால் இருபது. "கோதாரி! எங்கை போச்சு இந்த மனிசி?" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளிவாசல் வரை ஓடினேன்.

கார் நிறுத்துகிற இடத்தில், பாதையோரத்தில் நின்றார் பூரணி. கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை. அதற்கு மேலே யாரோ காரில் வைத்திருந்த மஞ்சள் பாதுகாப்பு அங்கி. கையைக் காட்டிக் காட்டிக் கார்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பூரணி அக்கா! என்ன விசர் வேலை இது?"

"இல்லைத் தம்பி, பிந்தி வாற சனம் வழி தெரியாமல் நிக்கும். ஆரும் ஒராள் நிக்கவேணும்தானே."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பின்னால் மலரக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"கதிரை சரியில்லையோ, பூரணி?"

"நல்ல கதிரைதான் மலரக்கா. எல்லாம் நல்லாத் தெரிஞ்சது. அதுதான்... பிள்ளையின்ரை முகம் நேரை தெரிஞ்சுது. அவளும் என்னைப் பாத்தாள். நான் பாத்து ஏதும் ஆகிப்போச்செண்டால்? என்னாலை இருக்க முடியேல்லை."

"நான் பிழை விட்டிட்டன்," என்றார் மலரக்கா. அந்த வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாத்தையும் வந்த சனமா இருந்து பாத்தன். நீ வந்த சனம் இல்லை, பெத்தவள். உனக்கு ஒளிக்கிறதுக்கு வடிவான இடம் தேடினனே தவிர, ஒளியாதை எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை. வா, முன்னுக்கு வந்து இரு."

பூரணி நிமிர்ந்து பார்த்தார். கீரை கட்டுகிற இடத்தில் வாய் திறக்காத மனுசி. அன்றைக்குத் திறந்தார்.

"நீங்கள் சொல்லுறியளோ, மலரக்கா? யேசுரட்ணம் அண்ணை போய்ப் பத்தொன்பது வருசம். அண்டையிலையிருந்து நீங்கள் எந்தக் கலியாணத்திலை முன்னுக்கு இருந்தனீங்கள்? சனம் நினைக்குது, நீங்கள் மண்டபத்தைச் சோதிக்கிறியள் எண்டு. எனக்குத் தெரியாதோ நீங்கள் ஏன் வாசலோரத்திலை இருக்கிறியள் எண்டு? முதல் நீங்கள் போய் இருங்கோ. பிறகு என்னைக் கூப்பிடுங்கோ."

ஒரு கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவரும் புருஷன் இல்லாதவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேதக்காரருக்கு இந்த வழக்கமெல்லாம் இல்லை என்று வாயளவில் சொல்வார்கள். அவரைப் பற்றி இவ்வளவு கதைத்த நான் ஒருநாளும் இதை யோசிக்கவில்லை.

"சரி," என்றார் மலரக்கா. "நான் இருக்கிறன். வா."

பூரணியின் தோளிலிருந்த மஞ்சள் அங்கியை அவரே கழற்றி என் கையில் தந்தார். நான் அதை வாசல் தூணில் கொழுவினேன். வழி தெரியாதவன் போன் பண்ணட்டும்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கதிரைகளின் நடுவே நடந்தார்கள். நான் பின்னால். முன்வரிசையில் கரிகாலனும் மனைவியும் கன்னிகாதானத்துக்கு எழும்பிப் போன இரண்டு கதிரைகளும் காலியாக இருந்தன. மலரக்கா முதலில் ஒன்றில் இருந்தார். சபையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பூரணி இருந்தார். யாரோ பின்னால் குசுகுசுத்தார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டது.

அப்போது மாப்பிள்ளையின் தங்கை சிவாஜினி தாலித் தட்டத்தைச் சபைக்குக் காட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள். தேங்காயின் மேல் தாலி. வந்தவர்கள் எல்லாரும் கையால் தொட்டு ஆசீர்வதித்து அனுப்பவேண்டும். புருஷன் இல்லாதவர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள், தட்டமும் நிற்காமல் தாண்டிப் போகும். சிவாஜினி முன்வரிசைக்கு வந்ததும் யாரும் இல்லாமலிருந்த கதிரைகளில் இரண்டு பேர் இருப்பதைக் கண்டு தயங்கினாள். ஐயரைப் பார்ப்பதா, தாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"பிள்ளை," என்றார் மலரக்கா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "இஞ்சை ரெண்டு பேர் மிச்சம்."

தட்டம் நீண்டது. மலரக்கா வலது கையை வைத்தார். பூரணியின் கை மடியிலேயே கிடந்தது. மெதுவாக எழும்பியது, பாதியில் நின்றது, பிறகு இரண்டு கையும் வந்து தாலியை மூடிக்கொண்டன. கீரை கட்டிக் கட்டி வெடித்த விரல்கள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடைந்து அழுதார். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

மிருணா கூறை உடுத்து வந்தாள். வாசலில் நின்று முதலில் சேண அறைப் பக்கம்தான் பார்த்தாள். அங்கே இல்லை என்றதும் முகம் போய்விட்டது. பெண்கள் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்கள். நிமிர்ந்தாள். ஆறடி தூரத்தில், நேர் எதிரே, தாய்.

கிருஷிகன் தாலியை எடுத்துக்கொண்டு எழும்பினான். மேளகாரர் கையை ஓங்கினார்கள்.

"தலையைக் குனியுங்கோ பிள்ளை," என்றார் ஐயர்.

மிருணா குனியவில்லை.

"நேரம் போகுது. தலையைக் குனியுங்கோ."

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் அவள். "நான் அம்மாவைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஐயர் மேளகாரருக்குக் கையைக் காட்டிவிட்டுப் பொறுத்தார்.